மார்பளவு

தரையிலிருந்து ஒன்று புள்ளி மூன்று மீட்டர்.
அந்த உயரத்தில்தான் நாடா சுற்ற வேண்டும்.
கையேட்டில் அதற்குப் பெயர் மார்பளவு.
யாருடைய மார்பு என்று கையேடு சொல்லவில்லை.

எனக்கு அது நெஞ்சு.
யெம்பேவுக்குத் தாடை.

முந்தின நாள் மழை இன்னும்
இலையிலிருந்து இலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
ஜா ஆற்றுக்குத் தெற்கே, வெட்டுத் தொகுதி பதினான்கில்,
ஒரு மொவாபி மரத்தடியில் நான்கு பேர்:
யாவுண்டேயிலிருந்து படிவங்களோடு போன நான்,
வண்டி ஓட்டி வந்த அபேனா,
யெம்பே, அவள் மகன் லிசோகோ.

அடிமரத்தில் சிவப்புச் சாயத்தில் ஓர் எண்.
காயவில்லை.
எழுதியவன் லிசோகோ.
கம்பெனித் தொப்பி, கம்பெனி பூட்ஸ்.
உதிர்ந்த பழத்தின் வாடையை வைத்தே
அரை கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மரத்தைச் சொல்லிவிடுவானாம்.
அந்த மூக்குக்கு மாதச் சம்பளம் உண்டு.
உள்ளூர் வேலைவாய்ப்பு: ஐந்துக்கு நான்கு.

"காட்டைப் பயன்படுத்தும் உரிமையில்
உங்களுக்கு எவ்வளவு திருப்தி,
ஒன்று முதல் ஐந்து வரை?"
அபேனா அதைப் பாக்கா மொழியில் கேட்டான்.
திரும்பி வந்தது இன்னொரு கேள்வி:
"பசி எந்தப் பக்கம்?
ஒன்றிலா, ஐந்திலா?"

சப்பெல்லி மரத்துப் புழுவைப் பற்றிச் சொன்னாள்.
மழை பிடித்ததும் கொத்துக் கொத்தாய் இறங்கும்;
கூடைகள் போதாமல் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.
மூன்று வருடமாய்
இறங்குவதற்கு மரமில்லை.

படிவத்தில் புழுவுக்குக் கட்டமில்லை.
'மரமல்லாத வனப் பொருட்கள்' என்று ஒன்று இருந்தது.
ஒன்றைச் சொல்ல
இன்னொன்று அல்ல என்று பெயர் வைத்திருக்கிறோம்.
புழு, எண்ணெய், தேன், காய்ச்சலுக்கான பட்டை
எல்லாம் அதற்குள்
நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன.

லிசோகோ குறுக்கே பேசினான்.
தங்கைக்கு வலி எடுத்த இரவில்
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மரம் ஏற்றும் லாரிதான்.
அந்தப் பாதை இல்லாமலிருந்தால்
பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டோம்.

யெம்பே மறுக்கவில்லை.
"அதே பாதையில்தான் துப்பாக்கியும் வந்தது.
அப்புறம் யானை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.
மொவாபி விதையை இனி யார் தின்று, தூரமாய்ப் போய்ப் போடுவது?
லாரியா?"
அவள் மட்டும் சிரித்தாள்.

நாடாவைச் சுற்றினேன்.
விட்டம் நூற்றிரண்டு சென்டிமீட்டர்.
நூறு தொட்டால் வெட்டலாம்.
மிச்சம் இருப்பது
என் கட்டைவிரல் அகலம்.

"இன்னும் மேலே சுற்று," என்றாள் யெம்பே.
"மேலே போகப் போக மரம் ஒல்லி."
அபேனா மொழிபெயர்க்குமுன்னே எனக்குப் புரிந்துவிட்டது.
லிசோகோ தன் பூட்ஸைப் பார்த்தான்.
மரம் கணக்கில் ஏறினால் அவனுக்கு ஊக்கத்தொகை.
ஏறாவிட்டால் அடுத்த பழக்காலத்தில்
அவன் வீட்டுச் சட்டியில் எண்ணெய்.

பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு விலக்கு உண்டு:
புடைப்போ காயமோ இருந்தால்
அதற்கு மேலே அளக்கலாம்.
மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தேன்.
பட்டையைத் தடவித் தடவி
ஒரு புண்ணைத் தேடினேன்,
கிடைத்தால் கும்பிட்டிருப்பேன்.
ஒன்றுமில்லை.
பாழாய்ப்போன ஆரோக்கியம்.

நூற்றிரண்டு என்றுதான் எழுதினேன்.
குறிப்புகளுக்கு இரண்டு வரி இடம்:
'காய்க்கும் மரம். ஒரு வீட்டின் ஓராண்டு எண்ணெய்.
அளந்தவர் உயரம் ஐந்தடி பத்தங்குலம்.'
மூன்றாவது வரி ஓரத்தில் ஏறி
அங்கேயே நின்றுவிட்டது.
இதையெல்லாம் கணினியில் ஏற்றுகிறவருக்கு
எண்கள் மட்டும் போதும் என்பது
எனக்குத் தெரியாததல்ல.

வண்டி திரும்பும்போது பார்த்தேன்.
யெம்பே தன் மார்புக்கு நேராக
பட்டையில் உள்ளங்கையை வைத்து நின்றாள்.
அந்த உயரத்தில் அளந்தால்
மரம் இன்னும் தடிமன்.

லிசோகோ ஓர் இலையைக் கசக்கி
விரலில் இருந்த சிவப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
போகவில்லை.
இன்னோர் இலையைப் பறித்தான்.